மூன்றாம் பொட்டு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் என்னைவிடச் சராசரியான மனிதன் இன்றைய தேதிக்கு உயிரோடு இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, சான்றிதழ் இருக்கிறது. பி.காம். ஐந்து பருவம், பருவத்துக்கு ஆறு தாள், முப்பது தாளிலும் நூற்றுக்கு ஐம்பது. நாற்பத்தொன்பது இல்லை, ஐம்பத்தொன்றும் இல்லை. அறுபது வாங்குகிறவனுக்கு இதன் சிரமம் தெரியாது. எந்தக் கேள்வியைப் பாதியில் விட வேண்டும், எந்தக் கூட்டலில் ஓர் இலக்கத்தைத் தவறவிட வேண்டும் என்று முடிவு செய்ய முழுப் பாடமும் தெரிந்திருக்க வேண்டும். கிரிக்கெட்டில் எப்போதும் ஆறாவது ஆள். வகுப்பில் நடு பெஞ்ச், அதிலும் நடு இடம். போன வருஷம் கல்லூரி நாளில் எனக்கு ஒரு கேடயம் கொடுப்பதாக இருந்தார்கள். கேடயம் வாங்கினால் தனித்துத் தெரிவேன் என்று பிறகு விட்டுவிட்டார்கள்.

இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம், திரிசலா மேடம், நீங்கள் என்மேல் வைத்திருக்கும் குற்றச்சாட்டு. திறமை. நான் கொடுத்த மனு அளவுக்கு மீறி நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்கிறீர்கள். அதைப் படித்து உங்கள் மாவட்ட அலுவலகத்தில் மூன்று அதிகாரிகள் அழுதார்களாம், அதில் ஒருவர் அரைநாள் விடுப்பே எடுத்தாராம். குற்றம் உறுதியானால் என் வலது கையில் மூன்று விரல்களுக்குப் பொட்டு என்று சொல்லி, வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டி, நடந்ததை எழுது என்றீர்கள். இப்போது எதிரில் உட்கார்ந்து என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வாக்குமூலத்தில் எங்காவது ஒரு வாக்கியம் நன்றாக அமைந்திருந்தால் அது தற்செயல். நானே இரண்டை அடித்துவிட்டேன்.

சட்டம் இப்போதைக்கு நம் மாவட்டத்தில் மட்டும்தான் பரீட்சார்த்தமாக நடக்கிறது. கோப்பு சென்னைக்குப் போகும் என்கிறீர்கள். அங்கே படிப்பவர்களுக்கும் புரியட்டும் என்று தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அழகான குழந்தை என்றால் கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைப்பார்கள், கண் படக்கூடாது என்று. குறை ஒன்றை நாமே முன்கூட்டி வைத்துவிட்டால் பார்க்கிறவன் வயிறு எரியாது. மூன்று வருஷம் முன்னால் வந்த கண்ணேறு தடுப்புச் சட்டம் இந்த யோசனையைப் பெரியவர்களுக்கும் நீட்டித்தது, அவ்வளவுதான். ஒருவருக்கு ஒன்று மற்றவர்களைவிட நன்றாக வந்தால் அதற்குப் பெயர் மிகை. அதைப் பார்த்து வயிறு எரிகிறவர் பாதிக்கப்பட்டவர். பாதிக்கப்பட்டவர் மனு கொடுத்தால் அலுவலகம் விசாரித்து, மிகை உள்ளவருக்குப் பொட்டு வைக்கும்.

முதல் பொட்டு வெறும் அறிவுரை. இட்லிக்கடை காமாட்சியம்மாளுக்கு வைத்தது அதுதான், இனி மாவில் மிளகு போடக்கூடாது. இரண்டாம் பொட்டு என்றால் அலுவலக ஆள் வந்து பக்கத்தில் நிற்பார். தறிக்காரர் மாணிக்கவாசகத்துக்கு அப்படி ஆயிற்று. ஒவ்வொரு பட்டுச் சேலையிலும் கரையில் ஓர் இழை தப்பாக ஓட வேண்டும் என்பது விதி. அவரும் ஓட்டினார். ஆனால் அவர் போட்ட தப்பு பார்க்க லட்சணமாக இருந்ததால், கல்யாண வீட்டுக்காரர்கள் கடையில் வந்து அந்தத் தப்பு உள்ள சேலைதான் வேண்டும் என்று நின்றார்கள். அதன் பிறகு எந்த இழை, எந்த இடத்தில், எவ்வளவு தப்பாக என்பதை, தறியில் மாட்டுகிற டிசைன் அட்டையில் அலுவலகமே துளை போட்டுத் தருகிறது.

மூன்றாம் பொட்டு உடம்பில் வைப்பது. இந்த அலுவலகத்தின் பின்கட்டில் ஒரு வெள்ளை அறை, ஒரு மருத்துவர், ஒரு ஊசி. பத்து நிமிஷம். வைத்ததை எடுக்க முடியாது.

சட்டம் வந்த பிறகு ஊரில் சமாதானம் கூடியிருப்பதாக உங்கள் ஆண்டறிக்கை சொல்கிறது. இருக்கலாம். நான் பார்த்த வரையில், குளியலறையில் பாடுகிறவர்கள் குழாயைத் திறந்துவிட்டுப் பாடுகிறார்கள். பக்கத்து வீட்டில் குழாய் ரொம்ப நேரம் ஓடினால் நாம் போய்ச் சுவரில் காதை வைக்கிறோம். வாசலில் பெரிய கோலம் போடுகிறவர்கள் கடைசியில் காலால் ஒரு மூலையைத் தேய்த்துவிட்டு, தேய்த்ததை யாராவது பார்த்தார்களா என்று தெருவை ஒரு சுற்றுப் பார்க்கிறார்கள்.

மறைக்க மாட்டேன், இதையெல்லாம் நான் கிண்டல் செய்தவன்தான். மனு கொடுப்பவர்களை முக்கியமாக. வயிற்றெரிச்சலுக்கு ரசீது வாங்குகிற ஜனங்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்வேன். அவர்கள் பாணியில் பொய் மனுக்கள் எழுதுவது என் பொழுதுபோக்கு. அவை சுமாரானவை. நான்கு வரிக்கு மேல் எழுத மாட்டேன். அவற்றை வாசிப்பது ஏஞ்சல்.

ஏஞ்சல் என் வகுப்பு, என் தெரு. ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அவள் அப்பா ராஜவேலு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் அந்த ஆட்டோவில்தான் அவளும் நாங்கள் பத்துப் பேரும் ஏனாத்தூர்ப் பக்கம் எங்கள் கல்லூரிக்குப் போவோம். மழைக்குக் கட்டுகிற படுதாவை வெயிலிலும் இறக்கிவிட்டு, உள்ளே ஏஞ்சல் ஆரம்பிப்பாள். அவளுக்கு எல்லாருடைய குரலும் வரும். எங்கள் முதல்வர், உங்கள் அலுவலகத்தில் மனு வாங்குகிற ஆதிகேசவன் சார், பேருந்து நிலையத்தில் முறுக்கு விற்கிறவர், என் அம்மா. குரல் மட்டுமில்லை, அவர்கள் எதைச் சொல்லலாமா என்று யோசித்து விழுங்குவார்களோ அதுவும் வரும். வெளியே யாரிடமும் காட்டியதில்லை. அந்தப் படுதாவுக்குள் இருந்த பத்துப் பேர் அவளுக்குப் பத்திரம் என்று நினைத்தாள்.

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைப் பற்றி ஒரு மனு எழுதிக் கொண்டுபோனேன். முதல் வரி, அந்த மரம் நான்கு கிளையில் நான்கு ருசி தருவதாகக் கேள்வி. இரண்டாவது வரி, எங்கள் பரம்பரையில் எல்லாருக்கும் ஒரே ருசிதான், அதுவும் புளிப்பு. மூன்றாவது வரி, போகிறவர்கள் அதையும் பார்த்து எங்களையும் பார்ப்பதால் எங்களுக்கு இலை உதிர்கிறது. நான்காவது வரி: இப்படிக்கு, பக்கத்துத் தெரு மாமரம்.

முழு மனுவும் அந்த நான்காவது வரிக்காக எழுதப்பட்டது. படிக்கிறவன் அதுவரை மனுஷன் ஒருவன் எழுதியதாக நினைத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு ராத்திரி யோசித்து வைத்த வரி. ஏஞ்சல் ஆதிகேசவன் சார் குரலில் வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் 'புளிப்பு' என்ற இடத்தில், சார் செருமுவது போலத் தொண்டையைச் செருமினாள். எழுதியதில் செருமல் இல்லை. ஆட்டோ குலுங்கிற்று. கிறிஸ்டோபர் சிரித்துச் சிரித்துக் கம்பியில் இடித்துக்கொண்டான். ராஜவேலு மாமா வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தலையைத் திருப்பி, "இன்னொரு தபா, இன்னொரு தபா செருமுமா" என்றார். அவள் செருமினாள். சிரித்து முடிப்பதற்குள் கல்லூரி வாசல் வந்துவிட்டது. நான்காவது வரியை யாரும் கேட்கவில்லை.

இறங்கும்போது ஸ்ருதி என் தோளைத் தட்டி, "செம டா. ஏஞ்சல் செம" என்றாள்.

மேடம், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சராசரி ஆள், எனக்கு எதிலும் போட்டி கிடையாது. மாலை வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு யோசனை வந்தது. பொய் மனு எழுதிப் பொய்யாய் வாசிப்பதில் என்ன இருக்கிறது? உண்மையான மனு ஒன்றை உண்மையான அலுவலகத்தில் கொடுத்து, அவர்கள் அதை நம்பி நோட்டீஸ் அனுப்பினால், அதுதானே பெரிய கிண்டல்? நெருங்கிய சிநேகிதன் சிநேகிதிமேல் கொடுத்த மனு. சட்டத்தின் மூக்கு உடையும். கடைசியில் நான்தான் கொடுத்தேன் என்று ஏஞ்சலிடம் சொல்வேன், இருவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். ஏழு நாளுக்குள் மனுதாரர் மனுவைத் திரும்பப் பெறலாம் என்று விதி இருப்பதையும் பார்த்து வைத்துக்கொண்டேன். பொறுப்பில்லாமல் எதையும் செய்யவில்லை.

கிண்டல் எடுபட வேண்டுமென்றால் மனு நிஜம்போல இருக்க வேண்டும். அதனால் கொஞ்சம் விவரம் சேர்த்தேன்.

ஏஞ்சலின் அம்மா வடிவு அத்தை இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரும்பாலும் எனக்கு அங்கேதான் சாப்பாடு. ராஜவேலு மாமா தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு சும்மா இருப்பார். சோற்றில் கை வைக்க மாட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைப் பக்கம் பார்க்காமலே, "ஒரு தபா கூப்புடுமா" என்பார். உள்ளேயிருந்து வடிவு அத்தையின் குரல் வரும். "யோவ், கைய கழுவாம இன்னாத்துக்குய்யா தட்டாண்ட குந்திக்கினு இருக்கற?" மாமா எழுந்துபோய், ஏற்கெனவே கழுவிய கையை இன்னொரு முறை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட ஆரம்பிப்பார். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் அவர் சோறு மறுபடி வாங்கிச் சாப்பிடுவார் என்று ஏஞ்சல் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாள்.

இதை மனுவில் எழுதினேன். கூடவே, இப்படி ஒரு குரல் ஒரு வீட்டில் இருக்கும்போது, செத்துப்போனவர்கள் செத்துப்போனவர்களாகவே இருக்கும் மற்ற வீடுகளின் நிலை என்ன என்று ஒரு கேள்வி. மொத்தம் இரண்டு பக்கம்.

ஆதிகேசவன் சார் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார். மனுவை வாங்கி எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார். "இன்னாபா இது, எல்லாரும் ரெண்டு வரி எழுதிக் குட்த்துட்டுப் போறாங்க, நீ நாவல் எழுதிக்கினு வந்துக்கிற?"

"மனசுல இருந்தத எழுதினேன் சார்."

"எவ்ளோ நாளா எரியுது?"

"ஜூலை மாசத்துலேர்ந்து சார்."

"மாத்திர ஏதனா போட்டியா?"

"போட்டேன் சார். கேக்கல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் முகத்தை மாற்றவில்லை. இதைவிட நல்ல தமாஷ் ஒன்று இந்த ஊரில் அன்றைக்கு நடந்திருக்காது, ஆனால் சிரிக்க ஆள் இல்லை. முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

சாதாரணமாக முதல் மனுவுக்கு முதல் பொட்டுதான் விழும். அறிவுரை சொல்லி அனுப்புவார்கள். மூன்றாம் நாள் ஏஞ்சல் கையில் நோட்டீஸோடு என் வீட்டுக்கு வந்தாள். மிகையின் அளவையும் பாதிப்பின் ஆழத்தையும் கருதி நேரடியாக மூன்றாம் பொட்டு, இடம்: குரல்வளை என்று அதில் போட்டிருந்தது. மனுதாரர் பெயர் சட்டப்படி இல்லை.

"டேய் சந்தோஷு, யார்ரா குட்த்திருப்பா?"

"ஆட்டோல வர்றவங்கதான். வேற யாரு கேட்டிருக்காங்க?"

"கிறிஸ்டோபரா? சீ, அவன் குடுக்க மாட்டான்டா."

"போன வாரம் ஒரு நாள் அவன் சிரிக்கல. கவனிச்சியா?"

"அன்னைக்கு அவனுக்குப் பல்லு வலி."

"பல்லு வலின்னு அவன் சொன்னான்."

சந்தேகப்பட அவளுக்குப் பழக்கம் கிடையாது. நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. மிச்சமிருந்த நான்கு நாளும் நாங்கள் இருவரும் சேர்ந்து சந்தேகப்பட்டோம். ஒரு நோட்டில் பத்துப் பெயரையும் எழுதி, எதிரில் காரணங்களை எழுதினேன். ஸ்ருதி 'செம' என்று சொன்ன தொனி. சுகாசினி திடீரென்று பேருந்தில் போக ஆரம்பித்தது. கிறிஸ்டோபரின் பல். அவள் மறுநாளே கிறிஸ்டோபரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவன் என்னிடம் வந்து, "இன்னா மச்சி ஆச்சு இவளுக்கு?" என்று கேட்டான். அவளுக்கு நேரம் சரியில்லை, விடு என்றேன். அது பொய்யில்லை.

மனுவைத் திரும்பப் பெறும் கடிதமும் எழுதித் தயாராக வைத்திருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். சட்டைப் பையில் இருந்தது. ஒவ்வொரு நாளும் சட்டை மாற்றும்போது கடிதத்தையும் மாற்றினேன்.

ஆறாம் நாள் சாயந்திரம் நோட்டைப் புரட்டிக்கொண்டே ஏஞ்சல், "எல்லாரையும் சந்தேகப்பட்டாச்சு, உன்ன ஒருத்தனத் தவுர" என்றாள்.

"என்னையும் படு" என்றேன்.

அவள் சிரித்தாள். நோட்டீஸ் வந்ததிலிருந்து முதல் முறை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆதிகேசவன் சார் குரலில் சொன்னாள்: "ஒனக்கு இன்னாபா, நீ அம்பது மார்க்கு. எரியறதுக்கு மொதல்ல உள்ள ஏதனா இருக்கணும்ல?"

நல்ல வரி. யாரும் அவளுக்கு எழுதித் தரவில்லை. அவளாகவே, அந்த இடத்திலேயே. நானும் சிரித்தேன்.

ஏழாம் நாள் கடிதத்தோடு அலுவலகத்துக்குப் போனேன். மணி மூன்று இருக்கும். என்னைப் பார்த்ததும் ஆதிகேசவன் சார் ஜன்னலை விட்டு எழுந்து வெளியே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பதினோரு வருஷமா நான் பலவித ஆபீஸ்ல மனு வாங்கறேன். ஒன் மனுவ வூட்டுக்கு எட்த்துக்கினு போயி என் சம்சாரத்துக்குப் படிச்சுக் காட்டனேன்பா. அந்தக் கை கழுவற எடம் இருக்குது பாரு. அவ ராவு சோறே துன்னல." பிறகு என்னை உள்ளே அழைத்துப்போய், "இவருதான், இவருதான் அவரு" என்று மற்றவர்களுக்குக் காட்டினார். நான்கு பேர் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். ஒரு அம்மா, கடைசிக் கேள்வியை மனப்பாடமாகச் சொன்னார். இரண்டாம் பக்கத்தில், கடைசிக்கு முந்தின வரி. அதுவரை படித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

டீ கொடுத்தார்கள். குடித்தேன். "இன்னா விஷயமா வந்தப்பா?" என்று ஆதிகேசவன் சார் கேட்டார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றேன்.

அவர்கள் பாராட்டியதால் கடிதத்தைக் கொடுக்கவில்லை என்று நீங்கள் நினைக்கக்கூடும். அப்படி இல்லை. டீ குடித்து முடிப்பதற்குள் மணி நான்கு ஆகிவிட்டது. மனு திரும்பப் பெறும் பிரிவு மூன்றரை மணி வரைதான்.

ஊசி போட்ட அன்று நானும் கூட வந்தேன். ஏஞ்சலின் பையை நான்தான் வைத்திருந்தேன். பின்கட்டு பெஞ்சில் எங்களைத் தவிர ஆறேழு பேர் காத்திருந்தார்கள். கூப்பிடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, அவளாக ஆரம்பித்துவிட்டாள். முதல்வர் வந்தார், முறுக்குக்காரர் வந்தார், என் அம்மா வந்தார். உங்கள் காவலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியாக அவள் அப்பா பக்கம் திரும்பி, வடிவு அத்தை குரலில், "யோவ், அழுவாத. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். பெஞ்சில் இருந்தவர்களுக்கு அது யார் குரல் என்று தெரியாது. இருந்தும் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். மருத்துவர்கூடக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நிமிஷம் கழித்துத்தான் பெயரைக் கூப்பிட்டார். அப்போதும்கூட, அந்த நிலைமையிலும்கூட, எல்லாருடைய கண்ணும் அவள்மேல்தான் இருந்தது. நான் அதைக் கவனித்தேன்.

பத்து நிமிஷம் என்றார்கள், எட்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

இப்போது அவள் குரல் ஒரே மட்டமாக இருக்கிறது. ஏறாது, இறங்காது, கேள்வி கேட்டாலும் பதில் சொன்னாலும் ஒன்றுதான். ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிக்கிற குரலுக்கு இதைவிட அக்கறை உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நான் சாப்பிடப் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும். மாமா தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்கவில்லை. அவளாகவே உள்ளேயிருந்து சொன்னாள், அதே வார்த்தைகளை, யோவ் கைய கழுவாம இன்னாத்துக்குய்யா என்று, அந்தப் புதுக் குரலில். மாமா எழுந்துபோய்க் குழாயைத் திறந்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அவர் வரவில்லை. ரசம் நன்றாக இருந்தது என்று ஏஞ்சலிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

கிண்டல் என்பதை அவளிடம் எப்போது சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரியான நேரம் அமையவில்லை.

இனி குற்றச்சாட்டுக்கு வருகிறேன். திறமை என்பது என்ன, மேடம்? இல்லாத ஒன்றை இருப்பதுபோல் காட்டுவது. என் மனுவில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. வயிறு எரிகிறது என்று எழுதினேன், எரிந்தது. தூக்கம் இல்லை என்று எழுதினேன், இல்லை. அவள் பேசும்போது என் வார்த்தைகள் என் வாயிலேயே செத்துப்போகின்றன என்று எழுதினேன், அதை எழுதும்போது பேனாவை ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. அதைத்தான் நீங்கள் சிவப்பு மையால் கோடிட்டு, பயிற்சி பெற்ற கையின் வேலை என்று ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். பயிற்சி எதுவும் இல்லை. உள்ளே இருந்ததைப் பார்த்து எழுதினேன், கடைக்குப் போகும்போது சாமான் பட்டியல் எழுதுவதுபோல. கிண்டலுக்காகக் கொடுத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதுவும் உண்மைதான். இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். சராசரி மனிதர்களுக்கு முடியும்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். உங்கள் அதிகாரிகள் மூவரும் எந்த இடத்தில் அழுதார்கள்? கை கழுவுகிற இடத்தில். அந்த இடத்தை உண்டாக்கியது யார்? நானா? சமையலறையிலிருந்து கூப்பிட்டது ஏஞ்சல். எழுந்துபோய்க் கழுவியது ராஜவேலு மாமா. நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆக, அரைநாள் விடுப்பு எடுத்த அதிகாரியைப் பாதித்தது என் எழுத்து இல்லை, அவளுடைய மிகை. ஊசிக்கு முன்னாலேயே அது என் தாளில் ஏறி உங்கள் அலுவலகம் வரை வந்துவிட்டது. அவ்வளவு தொற்றக்கூடியது அது. என் விரல்களுக்குப் பொட்டு வைப்பது, கடிதத்தில் இருந்ததற்காகத் தபால்காரர் கையை ஒடிப்பது போல.

நான் மனு கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன். திரும்பப் பெற வந்து, டீ குடித்துவிட்டுப் போனேன். இதை ஒப்புக்கொள்கிறேன். திறமை என்ற குற்றத்தை மட்டும் மறுக்கிறேன்.

எழுதி முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இன்று காலை நடந்த ஒன்று விட்டுப்போயிற்று. இது புகார் இல்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் ஆட்டோவில் படுதா இறக்குவதில்லை. யாரும் பேசுவதில்லை. ஏஞ்சல் முன்னால், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள். இன்று ரயில்வே கேட் மூடியிருந்தது. மாமா ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையில் மேல் பொத்தான் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தது. ஏஞ்சல் அதைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. கைகளை மட்டும் இடுப்பில் வைத்தாள், முழங்கை கொஞ்சம் பின்னால் போக, ஒரு விரல் மட்டும் தட்டிக்கொண்டிருக்க. பிறகு அவர் பொத்தானை அவிழ்த்தாள், சரியான துளையில் போட்டாள், காலரை இரண்டு பக்கமும் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள், புறங்கையால் அவர் தோளில் இல்லாத தூசியைத் தட்டினாள், தட்டிய வேகத்திலேயே தலையில் செல்லமாக ஒரு போடு போட்டாள்.

மாமா அப்படியே இருந்தார். பிறகு, "வடிவு" என்றார்.

கேட் திறந்துவிட்டது. பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. யாரும் கவலைப்படவில்லை. கிறிஸ்டோபர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். ஸ்ருதி, "இன்னொரு வாட்டி, ஏஞ்சல், இன்னொரு வாட்டி" என்றாள். வடிவு அத்தையைப் பார்த்தேயிராத இரண்டு முதலாண்டுப் பிள்ளைகள்கூட முன் சீட்டுப் பக்கம் எக்கி எக்கிப் பார்த்தார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

அவள் கைகளுக்குத் தனிப் படிவம் இருக்கிறதா, இல்லை அதே படிவம்தானா என்று மட்டும் சொல்லுங்கள், மேடம்.